விருந்தாளி நெட்டு

வாங்க கண்ணு, பையை அப்பிடி வெய்யுங்க. படி வழுக்கும், பாத்து. சாவி இந்தாங்க. பெருசு வாசலுக்கு, சின்னது மேல ரூமுக்கு. சுடுதண்ணி காலைல வரும். நெட்டா? கேப்பீங்கன்னு தெரியும். வர்றவங்க தண்ணி வருதான்னு கேக்கறதில்ல, சோறு எங்க கெடைக்கும்னு கேக்கறதில்ல, மொதல்ல அதைத்தான் கேக்கறாங்க. குடுக்கறனுங்க, குடுக்காம எங்க போறேன். சித்த உக்காருங்க, காப்பி வருது. நெட்டைக் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை சொல்லீர்றது என்னோட வழக்கம். சொல்லாமக் குடுத்துத்தான் ஒருக்கா பட்டுட்டேன்.

இந்த வீடு பள்ளத்துல இருக்குதுங்களா, டவரு எட்டாது. எந்தச் சிம்மு போட்டாலும் அதே கதைதான். மேல பஸ்ஸு திரும்பற வளைவு வரைக்கும் ஏறிப் போனாத்தான் போன்ல சிக்னல் கோடு தெரியும். மத்தபடி இங்கிருந்து வெளிய ஒருத்தருகிட்ட பேசோணும்னா நம்ம நெட்டு ஒண்ணுதான் வழி. அப்ப அதுக்கு ஒரு பொறுப்பு வேணுமா வேண்டாமா?

எம்பையன் நிரஞ்சன் கனடாவுல இருக்கறான். இந்த வீட்டை நாள் வாடகைக்கு விடற ஏற்பாடெல்லாம் அவன் பண்ணுனதுதான். அவங்கப்பா காப்பிக்கொட்டை வியாபாரம் பண்ணி வாங்கிப் போட்ட வீடு. அவரு போனதுக்கப்பறம் நான் ஒருத்தி எத்தனை ரூமுல படுக்கறது? நெட்டுல ரெண்டு இருக்குதுங்க. கீழ வீட்டு நெட்டு, மேல விருந்தாளி நெட்டு. வீட்டு நெட்டு அவன் பேர்ல. அதை அவன் அங்கிருந்தே பாத்துக்குவான், நான் தொடவே வேண்டாம். "விருந்தாளி நெட்டு உன் பொறுப்பும்மா"ன்னு இந்த டேப்லட்டைக் கையில குடுத்துட்டுப் போனான். பாருங்க, யாரு போனு உள்ள வந்திருக்குது, எவ்வளவு இழுக்குது, எல்லாம் தெரியும். வேண்டாம்னா இந்த ரெண்டு கோட்டைத் தொட்டாப் போதும், நின்னுரும். மறுக்காத் தொட்டா ஓடும். கொழாயைத் திருகறாப்புல. எட்டாவது படிச்சவளுக்கு அத்தனை பொறுமையாச் சொல்லிக் குடுத்தான். எத்தனை தாய்க்கு இந்தப் பாக்கியம் கெடைக்கும் சொல்லுங்க.

நான் அநாவசியமா நிறுத்தறவ இல்லீங்க. சாப்பாட்டு நேரத்துல நிறுத்துவேன். அது அவங்க நல்லதுக்கு. ஒருக்கா சேலத்துல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. தட்டுல சோறு ஆறுது, ஆளாளுக்கு ஒரு போனைப் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. தொட்டேன். அவ்வளவுதான், பேச ஆரம்பிச்சுட்டாங்க. சண்டைதான் போட்டாங்க, இருந்தாலும் பேசுனாங்கல்ல.

பாஸ்வேர்டை வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை மாத்தீருவேன். எதுக்குன்னு கேளுங்க. மாத்துனாத்தான் கீழ எறங்கி வந்து கேப்பாங்க. வந்தா ஒரு மொகம் பாக்கலாம், எந்த ஊரு, என்ன வேலைன்னு ரெண்டு கேக்கலாம். இல்லீன்னா இந்தப் பள்ளத்துல எனக்கு யாரு இருக்கறாங்க? பதில் சொல்றவங்களுக்கு உடனே குடுத்துருவேன். மொறைக்கறவங்களுக்குக் கொஞ்சம் மறந்து போயிரும். நீங்க சிரிக்கறீங்க. நல்ல புள்ளைங்க நீங்க.

அந்த மேகலாவும் இப்பிடித்தான் சிரிச்சுட்டே வந்துச்சு.

மாசி மாசங்க. அதும் புருசன் ரூபனுமா வந்தாங்க. ஒரு மாசத்துக்கு மேலயே இருக்கறோம்னாங்க. சீசன் இல்லாத நேரம், எனக்கும் நல்லதுதான்னு விட்டேன். அந்தப் பையன் சேலத்துல ஏதோ கம்பெனில வேலை, காலைல பஸ்ஸுக்குப் போனா பொழுது எறங்கித்தான் வருவான். இது நாளெல்லாம் மேல உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டும். கழுத்துல புதுத் தாலி. வீட்டுல இருந்து ஒரு போனு வர்றதில்ல, ஒறம்பரை, சொந்தம்னு ஒருத்தர் எட்டிப் பாக்கறதில்ல. எனக்குத் தெரியாதா? ரெண்டாவது வெள்ளிக்கெழமை பாஸ்வேர்டு கேக்க வந்தப்ப உக்கார வெச்சுக் காப்பி குடுத்து, மெல்லக் கேட்டேன். எல்லாத்தையும் கொட்டிருச்சு. வேற சாதிப் பையன். சொல்லாமக் கொள்ளாம ஓடி வந்து கட்டிட்டாங்க. அண்ணனுக ரெண்டு பேரும் ஊருக்குள்ள கால் வெச்சா வெட்டுவோம்னு சொல்லியிருக்கறானுக. இங்க இருக்கறது ஊருல ஒருத்தருக்கும் தெரியாதாம். "உங்களை எங்கம்மா மாதிரி நெனச்சு சொல்றேன் ஆன்ட்டி"ன்னுச்சு. பெத்தவளையே விட்டுட்டு வந்தவளுக்கு நான் எப்பிடி அம்மா ஆவேன்? வாய்ல வந்துச்சு, சொல்லல. பாஸ்வேர்டைக் குடுத்து அனுப்புனேன்.

அவங்கப்பன் மட்டும் திருட்டுத்தனமாப் பேசுவாரு. சாயங்காலமானா மாமன் பையன் ஒருத்தன் தன்னோட போனை எடுத்துட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போயி வீடியோ போட்டுக் குடுப்பான். நான் துணி எடுக்க மேல போறப்பப் பாப்பேன். அப்பனும் மகளும் ஒண்ணும் பேச மாட்டாங்க கண்ணு. "சாப்டியா சாமி?" "சாப்டனுங்கப்பா. நீங்க?" "ஆச்சு." அவ்வளவுதான். அந்தாளு மாட்டைக் காட்டுவாரு, இது சன்னல் வழியா மலையைக் காட்டும். இதுக்கு வீடியோ எதுக்குங்க? நெட்டு எவ்வளவு இழுக்குதுன்னு எனக்குத்தான தெரியும். இருந்தாலும் விட்டேன். பாவம் பழின்னு ஒண்ணு இருக்குதல்ல. இடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்குவாங்கன்னு அப்ப எனக்குப் புத்தி இல்ல.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எம்பையனுக்குச் சம்பந்தம் அமைஞ்சு, பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீடு பாக்க வர்ற நாளு. எங்க பக்கத்துல நிச்சயத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுச் சனம் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பாத்துட்டு, கை நனைச்சுட்டுப் போவாங்க. அவங்க எலைல உக்காந்து கை நனைச்சாத்தான் சம்பந்தம் உறுதி. சகுனம் ஒண்ணு சரியில்லீன்னாலும் தண்ணி கூடக் குடிக்காம எந்திரிச்சுருவாங்க. நானோ தாலி எழந்தவ. எனக்கே பயம், எதுத்தாப்புல வந்து நிக்கலாமா கூடாதான்னு. நாத்தனாரை வரச் சொல்லி அவளைத்தான் வாசல்ல நிக்க வெச்சேன். ஒப்பிட்டு, அதான் போளி, தட்டி, வெல்லமும் பருப்பும் நெய்யுமா வீடே மணக்குது. காருங்க மேல வளைவுல திரும்பற சத்தம் கேக்குது.

அப்பப் பாத்து மேல இருந்து ஒரு சத்தம். அழுகைன்னா அழுகை, அடிவயித்துல இருந்து. என்னமோ ஏதோன்னு ஓடுனேன். பாத்தா அது கம்ப்யூட்டர் முன்னாடி தரையில உக்காந்து தலையில அடிச்சுட்டு அழுகுது. "அப்பா போயிட்டாருங்க ஆன்ட்டி"ங்குது. கம்ப்யூட்டர்ல என்ன தெரியுது தெரியுங்களா? எழவு வீடு! பந்தல், கண்ணாடிப் பொட்டி, காலுங்க. அந்த மாமன் பையன் போனைச் சட்டைப் பையில ஒளிச்சு வெச்சுக் காட்டுறானாம். அண்ணனுக பாத்தா அவனுக்கும் கொலை விழும். படம் ஆட்டமா ஆடுது. தப்பு மேளச் சத்தம் வேற. அந்தச் சத்தம் எம்பட வீட்டுக்குள்ள! மாப்பிள்ளை வீடு பாக்க வர்ற அன்னிக்கு!

நான் என்னங்க பண்ணுவேன்? எழவைப் பாத்த கண்ணோட சம்பந்திக்கு எலை போட முடியுங்களா? கீழ ஓடியாந்து, கட்டியிருந்த பட்டுச் சேலையை அவுத்துப் போட்டுட்டு, மறுக்காத் தலைக்கு ஊத்துனேன். மஞ்சத்தண்ணி தெளிச்சேன். ஈரத்தலையோட வேற சேலை கட்டிட்டு வந்து நின்னேன். சம்பந்தியம்மா என்ன இப்பத்தான் குளிச்சீங்களான்னு கேக்கற மாதிரி ஆகிப் போச்சு. மாம்பழ மஞ்சள்ல காஞ்சிப்பட்டு, அதுக்குன்னே எடுத்தது, கட்டி உக்காரக் குடுத்து வெக்கல. இதையெல்லாம் யாரு நெனச்சுப் பாக்கறாங்க?

அவங்க வந்து உக்காந்தாங்க. எலை போட்டாச்சு. மேல அழுகை நின்னபாடில்ல. நாத்தனாரு டி.வி. சத்தத்தைக் கூட்டி வெச்சா. அடங்கல. சம்பந்தியம்மா காதைத் தீட்டறாங்க. நான் டேப்லட்டை எடுத்துட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். ரெண்டு கோட்டைத் தொட்டேன்.

நெட்டு இல்லீன்னா எழவு இல்ல. சரிதானுங்களே? எழவு எங்கியோ அவங்க ஊருல நடக்குது. நம்ம நெட்டு வழியாத்தான இங்க வருது? வழியை அடைச்சேன். சத்தமும் பட்டுன்னு நின்னு போச்சு. எம்மனசு அப்பத்தான் கீழ எறங்குச்சு.

கை நனைக்கற நேரங்க. சம்பந்தியம்மா ஒப்பிட்டைப் பிட்டு வாய்க்கிட்ட கொண்டு போறாங்க. படியெறங்கி வருது அது. தலைமுடியெல்லாம் அவுந்து, மூஞ்சி வீங்கி. நேரா எங்கிட்ட வந்து போனை நீட்டுது. "ஆன்ட்டி, 'இந்த போனுக்கு இன்டர்நெட் நிறுத்தப்பட்டிருக்கு, உரிமையாளரைக் கேளுங்க'ன்னு வருதுங்க. கம்ப்யூட்டர்லயும் அப்பிடியே வருதுங்க"ன்னுச்சு.

சபைல என்ன பேசறது? சிரிச்சுட்டே சொன்னேன், "மழைக்கு நெட்டு போயிருச்சு கண்ணு, மலையில அப்பிடித்தான், சித்த பொறுத்து வந்துரும்"னு. வெளிய வெயில் அடிக்குது.

"இல்லீங்க ஆன்ட்டி, நீங்க நிறுத்தியிருக்கீங்க. உரிமையாளர்னா நீங்கதானுங்க. இப்ப எடுக்கப் போறாங்க. எல்லாரும் மொகம் பாக்கற நேரத்துல போனை அப்பாகிட்டக் கொண்டு போறேன்னு சொல்லியிருக்கறான். ஒரே ஒருக்கா மொகம் பாத்துக்கறேன். சத்தம் போட மாட்டேன். வாயில துணிய வெச்சுக்கறேன்." ரகசியமாத்தான் சொல்லுச்சு, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா கையைப் புடிச்சுக்கிச்சு பாருங்க! எழவு காரியக் கை, இப்பத்தான் குளிச்சுட்டு நிக்கறேன். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. சம்பந்தி பாத்துட்டிருக்காரு. "ஆரும்மா அது?"ங்கறாரு. "மேல குடியிருக்கற புள்ளைங்க, வாடகைக்கு வந்தது, தலைவலியாம்"னேன். விசேச வீட்டுல வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பக் கூடாதில்லைங்களா? ஒரு ஒப்பிட்டை எடுத்து, மேல நெய்யை ஊத்தி, அது கையில வெச்சு, "போ சாமி, சாப்புட்டுட்டுப் படு"ன்னு அனுப்பி வெச்சேன்.

அது ஒப்பிட்டைப் பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு. அப்பறம் வாசல் வழியா ஒரே ஓட்டம். செருப்பில்லாம. வளைவுக்கு ஓடுது, டவரு எடுக்க. ஏத்தம் உங்களுக்கே தெரியும், இப்பத்தான அதுல எறங்கி வந்தீங்க.

நல்லபடியாக் கை நனைச்சாங்க. சம்பந்தியம்மா ரெண்டாவது ஒப்பிட்டு கேட்டு வாங்குனாங்க. தட்டு மாத்தற தேதி வரைக்கும் பேசிட்டுத்தான் எந்திரிச்சாங்க. அன்னிக்கு மட்டும் நான் கல்லு மாதிரி நிக்காம இருந்திருந்தா எம்பையன் கல்யாணம் இருக்காது. இதை அவனுக்கே சொல்லியிருக்கறேன். தன்யாவுக்கும் சொல்லியிருக்கறேன், எம்மருமக. அந்தக் கதையைக் கேட்டுட்டு அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பெரியவங்க படற பாடு எங்க புரியுது?

காரெல்லாம் போனதுக்கப்பறம் தொட்டுத் தொறந்து விட்டனுங்க. மறக்கல. ஆனா அது வளைவுல போயிப் பாக்கறதுக்குள்ள அங்க தூக்கிட்டாங்களாம். மாமன் பையன் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டு, ஆரோ கவனிக்கறாங்கன்னு போனை அணைச்சுட்டானாம். சாயங்காலம் அந்த ரூபன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது வளைவுல பஸ்ஸுக்கு நிக்கற கல்லு மேல உக்காந்திருந்துச்சாம். கையில அந்த ஒப்பிட்டு அப்பிடியே இருந்துச்சாம். ஒரு வாய் திங்கல. அத்தனை நெய்யி.

"செத்தவரு மொகத்தை இப்பப் பாத்தா என்ன, பொறகு போட்டோவுல பாத்தா என்ன தம்பி"ன்னு ஆறுதலாத்தான் சொன்னேன். அவன் படியேறி மேல போயிட்டான். மக்காநாளு காலைல காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. வெளக்கமாறு எடுத்துக் கூட்டி, பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சுட்டுத்தான் போச்சு அந்தப் புள்ள. குத்தம் சொல்லக் கூடாது. போயி, வீடு பதியற நெட்டுப் பக்கத்துல ஒரே ஒரு நச்சத்திரம் போட்டு எழுதி வெச்சிருக்கறாங்க: "நெட் நல்லா வேலை செய்யும், வீட்டுக்காரம்மா மனசு வெச்சா." படிச்சீங்களா? படிச்சுட்டுத்தான் வந்தீங்களா? அதுல தப்பு என்ன இருக்குது? நல்லா வேலை செய்யும்னுதான போட்டிருக்குது. பின்ன ஒரு நச்சத்திரம் எதுக்கு? எனக்கு அதுதான் ஆற மாட்டீங்குது. அம்மா மாதிரின்னு சொன்ன வாயி.

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சுங்க. நான் பொறகால தூணுகிட்ட நின்னுதான் பாத்தேன். தாலி கட்டறப்ப எம்பையன் மொகம் எனக்குத் தெரியல, மறைச்சுட்டு நின்னாங்க. எந்தப் பக்கம் எட்டுனாலும் ஆராவது ஒருத்தர் தலை. அதுக்காக நான் அழுதனா? வீடியோவுல பொறகு பாத்துக்கிட்டேன்.

இப்ப என் கதைக்கு வர்றேன் கண்ணு, இதுக்குத்தான் உங்களை உக்கார வெச்சது. ரூமு பதிஞ்சதுல நீங்க கம்ப்யூட்டரு படிச்சவங்கன்னு போட்டிருந்துச்சே. தெனம் காலைலயும் வெளக்கு வெக்கற நேரத்துலயும் நான் எம்பையனைக் கூப்புடுவேன். வீட்டு நெட்டுலதான், இந்த போன்ல. தன்யா சமையல் பண்றப்ப போனை அலமாரில சாத்தி வெச்சுடச் சொல்லுவேன். நான் பாட்டுக்குப் பாத்துட்டிருப்பேன். உப்புப் போட்டியா, அடுப்பைக் குறை, அவனுக்கு அந்தக் காய் ஆகாது. பக்கத்துல இருந்தா சொல்ல மாட்டனா? அவ உதட்டைச் சுழிக்கறது கூட அத்தனை தெளிவாத் தெரியும்.

ஆடி பொறந்ததுல இருந்து என்ன கெரகமோ, நான் கூப்புடற நேரமாப் பாத்து நெட்டு போயிருது. காலைலயும் போகுது, சாயங்காலமும் போகுது. மத்த நேரம் நல்லாத்தான் இருக்குது, சாமி பாட்டெல்லாம் ஓடுது. மேல விருந்தாளிக படம் பாத்துச் சிரிக்கறது கேக்குது, எனக்கு மட்டும் சுத்திட்டே நிக்குது. நிரஞ்சன் ஞாயித்துக்கெழமை அவனாக் கூப்புடுவான், அப்ப மட்டும் எப்பிடியோ வந்துருது. கேட்டா, "மழைக்கு நெட்டு போயிரும்மா, மலையில அப்பிடித்தான்"ங்கறான். அவன் அங்க இருக்கறவன், இங்க மழை பேஞ்சா அவனுக்கு எப்பிடித் தெரியும்? மேல இருக்கறவங்கதான் எல்லாத்தையும் இழுத்துர்றாங்கன்னு நெனச்சு, வெளக்கு வெக்கற நேரத்துல விருந்தாளி நெட்டை நிறுத்திப் பாத்தேன். அப்பவும் வரல. கம்பெனிக்காரனை வரச் சொல்லித் திட்டுனேன். வயரெல்லாம் நல்லா இருக்குதுன்னுட்டுப் போயிட்டான்.

தன்யா மாசமா இருக்கறா கண்ணு. வயித்துல எப்பிடி இருக்குதுன்னு பாக்கோணும்னு இருக்காதா எனக்கு? ஞாயித்துக்கெழமை பேசறப்ப அவன் மொகத்தை மட்டுந்தான் காட்டறான். அவ தூங்கறாளாம். எப்பக் கேட்டாலும் தூங்கறாளாம்.

மணி என்ன? வெளக்கு வெக்கற நேரந்தான். இருங்க, உங்க முன்னாலயே கூப்புடறேன். பாத்தீங்களா, பாத்தீங்களா, சுத்துது. இப்ப பாருங்க, என்னமோ இங்கிலீசுல ஒண்ணு வந்து நிக்கும். தெனம் வருது. ஏதோ வெளம்பரம்னு தள்ளி விட்டுர்றது. கண்ணாடி போட்டாலும் எனக்கு அது படிக்க வராது. நீங்க படிங்க. தமிழ்ல சொல்லுங்க.

என்ன கண்ணு, போனைத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? சின்ன எழுத்துங்களா? சொல்லுங்க.

"இந்த போனுக்கு..." ம். "இன்டர்நெட் நிறுத்தப்பட்டிருக்கு..." ம்.

அப்பறம்?

"உரிமையாளரைக் கேளுங்க." அப்பிடியா போட்டிருக்குது? அந்தப் புள்ள படிச்சுக் காட்டுனதே அதுதான?

இல்லீங்க, நீங்க தப்பாப் படிக்கறீங்க. கேளுங்கன்னா ஆரைக் கேக்கறது? சரியாப் பாருங்க கண்ணு. மறுக்கா ஒருக்காப் படிங்க. நாந்தானுங்களே இந்த வீட்டுக்கு ஓனரு.